கனடா வந்து இரண்டு மாதம்: பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா?

புதுக்குடித்தனம் | 4 அக்டோபர் 2025

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 12 அன்று பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) விசாவில் டொராண்டோ வந்து இறங்கினோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு இரண்டு. ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஊரில் அவர் சிவில் இன்ஜினியர், நான் பள்ளி ஆசிரியை. இங்கே அவருக்கு ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் கிடைத்து ஐந்து வாரம் ஆகிறது, மணிக்கு 19 டாலர். எனக்கு இன்னும் வேலை இல்லை. மகனை விட்டுவிட்டுப் போக இடமில்லை.

வாடகையும் பஸ் கார்டும் போக மிச்சத்தில் மளிகையை எண்ணி எண்ணித்தான் எடுக்கிறோம். கொண்டுவந்த சேமிப்பு நான் நினைத்ததைவிட வேகமாகக் கரைகிறது. மகள் பள்ளி வாசலில் ஓர் அம்மா, "சைல்ட் பெனிபிட்டுக்குப் போட்டாச்சா?" என்று கேட்டார். அதுவரை எனக்கு அந்தப் பெயரே தெரியாது.

வீட்டில் சொன்னேன். கணவருக்கு மனமில்லை. "வந்து ரெண்டு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள அரசாங்கத்துக்கிட்ட கை நீட்டணுமா? நாளைக்கு சிட்டிசன்ஷிப் கேக்குறப்ப இதைக் காட்டி மறுத்துட்டா?" என்கிறார். தெரிந்தவர் ஒருவர், ஏப்ரலில் வரிக் கணக்குப் போட்ட பிறகுதான் எதுவும் கேட்க முடியும் என்றார். எது சரி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


ஸ்காபரோ அக்கா | 4 அக்டோபர் 2025

தங்கச்சி, ஏப்ரல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே படிவத்தை நிரப்புங்கோ.

நாங்கள் 2006இல் வந்தபோது எனக்கும் இதையேதான் சொன்னார்கள். எங்கட சனம் இன்னும் இதை "சைல்ட் டக்ஸ்" என்றுதான் சொல்லும். பெயரில் டக்ஸ் இருப்பதால் முதலில் வரி கட்டினால்தான் தருவார்கள் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். அதைக் கேட்டு நான் பத்து மாதம் சும்மா இருந்தேன். பிறகு விண்ணப்பித்தபோது விட்ட மாதங்களின் காசும் சேர்த்துத்தான் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூத்தவனுக்குக் குளிர்ச்சட்டை தேவைப்பட்ட மாதத்தில் அந்தக் காசு கையில் இல்லை. யாரோ கொடுத்த பழைய சட்டை, கைகள் விரல்நுனி தாண்டித் தொங்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் முதல் பனியில் பள்ளிக்கூடம் போனான்.

கணவரிடம் சொல்லுங்கோ, இது கை நீட்டுகிற காசு இல்லை. வேலை செய்கிற குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தத் திட்டம். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த ஆட்களும் மாதாமாதம் வாங்குகிறார்கள். அவருடைய ஒவ்வொரு சம்பளத்திலும் வரி பிடிக்கிறார்கள்தானே? அப்போது அவர் இந்த நாட்டு ஆள். பிள்ளைகளுக்கு வருவதை வாங்கும்போது மட்டும் ஏன் விருந்தாளி ஆகவேணும்?


கணக்குப்பிள்ளை | 5 அக்டோபர் 2025

வரிக் காலத்தில் இலவச வரி முகாம்களில் தன்னார்வலராக உட்காருகிறேன். புதிதாக வந்த குடும்பங்கள் எங்கே தடுமாறுகின்றன என்று அந்த மேஜையில் நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த உதவித்தொகையின் பெயர் கனடா சைல்ட் பெனிபிட். 2016 ஜூலையில் பழைய இரண்டு திட்டங்களை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கானது. மாதம் ஒருமுறை, பெரும்பாலும் 20ஆம் தேதி வாக்கில் வங்கிக்கு வரும். இந்தப் பணத்துக்கு வரி கிடையாது. வரித்துறையான சி.ஆர்.ஏ. கொடுப்பதால்தான் வரியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். பி.ஆர். ஆக வந்து இங்கே குடியிருக்கத் தொடங்கியவர்கள் உடனே விண்ணப்பிக்கலாம், தகுதி பெற்ற மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து கணக்கு. நீங்கள் ஆகஸ்டில் வந்தீர்கள், ஆக செப்டம்பர் மாதத் தொகையிலிருந்தே உங்களுக்கு உரிமை உண்டு.

குடியுரிமை பயத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து ஆண்டில் 1,095 நாள் இங்கே இருந்தீர்களா, வரிக் கணக்கு ஒழுங்காகப் போட்டீர்களா என்பது போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள். பிள்ளைகள் தொகை வாங்கியது அதற்குத் தடை இல்லை.

படிவங்கள் இரண்டு. ஆர்.சி.66 என்பது விண்ணப்பம். ஆர்.சி.66 எஸ்.சி.எச். என்பது அதோடு வைக்க வேண்டிய இணைப்பு. எந்த அந்தஸ்தில், எந்தத் தேதியில் வந்தீர்கள், வருவதற்கு முன் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்பதெல்லாம் அதில். இந்த இணைப்பில்தான் பலருக்கும் கை நடுங்கும். உங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் வந்த நாள் வரை, அப்புறம் 2024, 2023 ஆகிய முழு ஆண்டுகள். இருவர் வருமானமும், உலகில் எங்கே சம்பாதித்திருந்தாலும், கனடா டாலரில் மாற்றி எழுத வேண்டும். சம்பளம் மட்டுமல்ல, ஊரில் வீட்டு வாடகையோ வைப்புத்தொகை வட்டியோ வந்தால் அதுவும்.

இந்தியாவிலிருந்து வருபவர்கள், வேலை கொடுத்தவர் தரும் வரிச் சான்றான ஃபார்ம் 16ஐப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறார்கள். அது ஏப்ரல் முதல் மார்ச் வரை. இங்கே கேட்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆகவே சம்பளச் சீட்டுகளை எடுத்து மாதவாரியாகக் கூட்டுங்கள்.

இப்போது நடக்கும் சுற்று 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை. அதற்கு 2024ஆம் ஆண்டுக் குடும்ப நிகர வருமானம்தான் அடிப்படை. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டாலர், ஆறு முதல் 17 வரை 6,748 டாலர். குடும்ப வருமானம் 37,487 டாலருக்குள் இருந்தால் முழுத்தொகை, அதைத் தாண்டத் தாண்டக் குறையும். உங்கள் 2024 வருமானம் எவ்வளவு என்று சொன்னால் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

தாயும் தகப்பனும் ஒரே வீட்டில் இருந்தால், பிள்ளைகளை முக்கியமாகப் பார்த்துக்கொள்பவர் தாய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். விண்ணப்பம் உங்கள் பெயரில் போகட்டும். தகப்பன் விண்ணப்பித்தால், பொறுப்பு அவருடையது என்று நீங்கள் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் பிறந்ததால் பிறப்புச் சான்றிதழ் நகலும் வைக்க வேண்டும்.


புதுக்குடித்தனம் | 5 அக்டோபர் 2025

அண்ணா, மிக்க நன்றி. அக்கா, உங்கள் பதிவை அவருக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். குளிர்ச்சட்டை விஷயம் வந்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பிறப்புச் சான்றிதழ் எந்தப் பெட்டியில இருக்கு?" என்று கேட்டார்.

2024இல் அவருக்கு 11 லட்சம், எனக்கு 4 லட்சம் ரூபாய். வேறு வருமானம் இல்லை.


கணக்குப்பிள்ளை | 5 அக்டோபர் 2025

மொத்தம் 15 லட்சம். டாலருக்கு ஏறத்தாழ 61 ரூபாய் என்று போட்டால் சுமார் 24,600 டாலர். ஆக, இந்தச் சுற்றுக்கு முழுத்தொகை. மகனுக்கு மாதம் 666.41, மகளுக்கு 562.33. இரண்டும் சேர்ந்து 1,228.74 டாலர். நம் மாநிலம் தரும் ஒன்டாரியோ சைல்ட் பெனிபிட்டும் இதோடு ஒரே தொகையாக வரும், அதற்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை. விற்பனை வரிக்கு ஈடாகத் தரும் ஜி.எஸ்.டி. கிரெடிட்டுக்கும் இதே ஆர்.சி.66 போதும்.

ஆனால் ஒன்றை இப்போதே மனதில் வையுங்கள். ஊர்ச் சம்பளத்தை டாலரில் மாற்றும்போது அது சின்னதாகத் தெரியும், அதனால்தான் முதல் சுற்றில் முழுத்தொகை. 2026 ஜூலைச் சுற்றுக்கு 2025 வருமானம் பார்ப்பார்கள், அதில் பாதிக்கு மேல் ஊர்ச் சம்பளம். 2027 ஜூலையில் முதன்முறையாக ஒரு முழுக் கனடா ஆண்டு கணக்கில் ஏறும். அப்போது நீங்களும் வேலைக்குப் போய் இருவருமாக 70,000 டாலர் சம்பாதித்தால் எவ்வளவு குறையும்? இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, வரம்பைத் தாண்டிய தொகையில் நூற்றுக்கு 13.5 பிடிப்பார்கள். இன்றைய அளவுகளையே வைத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 4,389 டாலர் குறையும், மாதம் 863 டாலர் வாக்கில் வரும். வேலைக்குப் போனதற்குத் தண்டனை என்று நினைக்காதீர்கள். சம்பளம் ஏறியதோடு பார்த்தால் கைக்கு வருவது கூடத்தான் செய்யும். ஆனால் முதல் ஆண்டின் 1,228 டாலரை நம்பிப் பெரிய வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பிறகு திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.


இரவுப்பணி | 7 அக்டோபர் 2025

நானும் கிடங்கு வேலைதான், பிராம்ப்டனில். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு நடக்கக்கூடாது.

முதல் ஆண்டு எல்லாம் சரியாக வந்தது. அடுத்த ஏப்ரலில் ஒரு வரி தயாரிப்பவரிடம் போனோம். என் கணக்கை மட்டும் போட்டுவிட்டு, "உங்கள் மனைவிக்கு வருமானமே இல்லையே, அவருக்கு எதற்கு?" என்றார். நானும் சரி என்று வந்துவிட்டேன், ஒரு கணக்குக் குறைந்தால் கூலியும் குறையும் என்று. ஜூலை 20 அன்று பணம் வரவில்லை. வங்கி விடுமுறை, தாமதம் என்று ஏதேதோ நினைத்துக்கொண்டோம். ஆகஸ்டிலும் வரவில்லை. கடைசியில் போன் செய்தால், மனைவியின் கணக்கு வரவில்லை, அதனால் குடும்ப வருமானத்தைக் கணக்கிட முடியவில்லை என்றார்கள்.

வருமானம் பூஜ்யம் என்றாலும் இருவரும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30க்குள் போட்டாக வேண்டும். பூஜ்யம் என்று எழுதித் தருவதும் ஒரு கணக்குதான். அவள் கணக்கைப் போட்ட பிறகு நின்ற மாதங்களுக்கும் சேர்த்து வந்தது. ஆனால் அந்த இடைவெளியில் இரண்டு மாத வாடகையைக் கிரெடிட் கார்டில் கட்டினேன். அதன் வட்டியை யாரும் திருப்பித் தரவில்லை.


வளைகுடா வீடு | 8 அக்டோபர் 2025

இந்த இழையை இரண்டு வருடம் முன்பு பார்த்திருக்கக்கூடாதா என்று இருக்கிறது. நானும் பிள்ளைகளும் மிசிசாகாவில், கணவர் தோஹாவில். இங்கே அவருடைய துறையில் வேலை கிடைக்கவில்லை, அதனால் திரும்பிப் போனார். எங்களைப் போல நிறைய வீடுகள் உண்டு.

விண்ணப்பம் நிரப்பித் தந்தவர், "அவர் இங்கே இல்லை, அந்தச் சம்பளத்தைக் காட்ட வேண்டாம், பூஜ்யம் போடுங்கள்" என்றார். பணம் கட்டி நிரப்பச் சொன்ன ஆள், தெரிந்துதான் சொல்வார் என்று கையெழுத்துப் போட்டேன். ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு கடிதம். கணவரின் வருமான விவரம், பிள்ளைகள் என்னோடு இங்கே வசிப்பதற்கான சான்று எல்லாம் கேட்டிருந்தார்கள். பள்ளி அலுவலகத்தில் வாங்கிய கடிதம், மருத்துவர் கடிதம், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றிலும் முகவரி சரியாக இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தேன். மருத்துவர் கடிதத்தில் பழைய முகவரி. மறுபடி ஓடினேன். பிள்ளைகள் இங்கே வசிப்பதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தோஹா சம்பளத்தைச் சேர்த்ததும் எங்களுக்கு வந்திருக்க வேண்டிய தொகை குறைந்துவிட்டது. எட்டாயிரம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். கையெழுத்து என்னுடையது, கடனும் என்னுடையதுதான். இப்போது மாதத் தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சிகளா, யார் நிரப்பித் தந்தாலும் ஒவ்வொரு கட்டத்தையும் நீங்களே வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.


கணக்குப்பிள்ளை | 8 அக்டோபர் 2025

இதை எழுதியதற்கு நன்றி அம்மா. எழுத எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்று தெரியும்.

கணவனோ மனைவியோ வெளிநாட்டில் வேலை பார்த்து, கனடாவில் குடியிருப்பவராகக் கணக்கில் வராவிட்டால், அவர் வருமானத்தைச் சொல்ல சி.டி.பி.9 என்று ஒரு படிவம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் கொடுக்க வேண்டும். வளைகுடாவில் வருமான வரி இல்லை என்பதால் இங்கேயும் காட்ட வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே வரி உண்டா இல்லையா என்பது இங்கே பொருட்டல்ல.

பி.ஆர். வாங்கிய கையோடு பிள்ளைகளுடன் ஊருக்கே திரும்பிப் போய் வாழ்ந்துகொண்டு, இங்கே தொகை வந்துகொண்டிருக்க விடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கே குடியிருந்தால்தான் இந்தத் தொகை. ஒருநாள் மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள். குடும்பத்தில் மாற்றம் வந்தாலும் சொல்லிவிட வேண்டும். திருமணம் என்றால் அடுத்த மாத முடிவுக்குள். பிரிவு என்றால் 90 நாள் தொடர்ந்து தனித்தனியாக வாழ்ந்த பிறகு. தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் நிலைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு இதைத் தெரிவிப்பதுதான் தொகையைக் கூட்டித் தரும். வெட்கப்பட்டு மறைப்பதால் நட்டம் அவருக்குத்தான்.


விண்ட்ஸர் மாணவன் | 9 அக்டோபர் 2025

நான் ஸ்டடி பெர்மிட்டில் இருக்கிறேன், மனைவிக்கு வொர்க் பெர்மிட். ஒரு மகன், ஐந்து வயது. 2024 ஏப்ரல் 28 அன்று மூன்று பேரும் வந்தோம். பி.ஆர். இல்லாதவர்களுக்கு ஒன்றும் கிடையாது என்று வகுப்பில் சொல்கிறார்கள். உண்மையா?


கணக்குப்பிள்ளை | 9 அக்டோபர் 2025

இல்லை தம்பி. தற்காலிக அனுமதியில் இருப்பவர்களும் 18 மாதம் தொடர்ந்து கனடாவில் வாழ்ந்திருந்து, 19ஆம் மாதத்தில் செல்லுபடியாகும் பெர்மிட் கையில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு இந்த மாத இறுதியில் 18 மாதம் முடிகிறது. இருவர் பெர்மிட்டிலும் முடியும் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். 19ஆம் மாதத்துக்குள் முடிவதாக இருந்தால் புதுப்பிப்பதுதான் முதல் வேலை. அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கு இந்த 18 மாதக் காத்திருப்பு கிடையாது.


ஸ்காபரோ அக்கா | 10 அக்டோபர் 2025

எல்லோரும் சின் நம்பரை (அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் தரும் சமூகக் காப்புறுதி எண்) கவனமாக வைத்திருங்கோ. "உங்கள் பெனிபிட் காசு வந்திருக்கு, இந்த இணைப்பை அழுத்துங்கோ" என்று போனில் குறுஞ்செய்தி வரும். சி.ஆர்.ஏ. இ-டிரான்ஸ்ஃபரில் காசு அனுப்பாது. எங்கட தெருவில் போன மாதம்தான் ஒரு பிள்ளை வங்கி விவரம் எல்லாம் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு நின்றாள்.


புதுக்குடித்தனம் | 12 அக்டோபர் 2025

நேற்றுத் தபாலில் போட்டுவிட்டேன். இரண்டு இரவு ஆயிற்று. அவர் ஷிப்ட் கிளம்பும் முன் மடிக்கணினியில் சம்பளச் சீட்டுகளைத் திறந்து வாசிப்பார், நான் மாதம் மாதமாக எழுதிக் கூட்டுவேன். என் பழைய பள்ளி 2023 மார்ச் சீட்டைத் தரவேயில்லை. வங்கிக் கணக்கில் வரவான தொகையைப் பார்த்து, பிடித்தத்தையும் கூட்டி, எப்படிக் கணக்கிட்டேன் என்று ஒரு தாளில் எழுதி இணைத்தேன். சரிதானே?


கணக்குப்பிள்ளை | 12 அக்டோபர் 2025

சரிதான். எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறீர்களா? தபாலில் போனால் 11 வாரம் வரை ஆகலாம், அதுவரை பதற வேண்டாம்.

குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவர்களுக்கென்று கனடா வொர்க்கர்ஸ் பெனிபிட் என்றும் ஒன்று உண்டு. அதற்கு ஆண்டு முழுவதும் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். ஆகவே 2025க்கு உங்களுக்குக் கிடையாது, 2026 கணக்கில் பாருங்கள். ஏப்ரலில் வரிக் கணக்குப் போடும்போது ஒன்டாரியோ உதவித்தொகைகளுக்கான ஓ.என்.-பென் படிவத்தையும் சேர்க்க மறக்காதீர்கள், நீங்கள் கட்டும் வாடகையை அதில்தான் எழுதுவது. வீட்டுக்காரரிடம் ரசீது இப்போதே வாங்கி வையுங்கள்.

மகனுக்கு டேகேர் பார்க்கும்போது, டேகேர் கட்டணத்தைக் குறைக்கும் தேசியத் திட்டத்தில் சேர்ந்த இடமா என்று கேளுங்கள். ஒன்டாரியோவில் அப்படிப்பட்ட இடங்களில் ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு நாளுக்கு 22 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும், அதனால் பெயரை இப்போதே கொடுத்துவிடுங்கள். வேலைக்குப் போவதற்காகக் கட்டும் டேகேர் பணத்தை நிகர வருமானத்திலிருந்து கழிக்கலாம், பொதுவாகச் சம்பளம் குறைந்தவர் கணக்கில். முன்பு சொன்ன 70,000 டாலர் கணக்கில் 5,000 டாலர் கழிந்தால், பிள்ளைகள் தொகை ஆண்டுக்கு 675 டாலர் கூடும். ரசீது இல்லாமல் கையில் பணமாகக் கொடுத்துவிட்டு இதை இழப்பவர்கள் ஏராளம்.


புதுக்குடித்தனம் | 21 ஜனவரி 2026

அண்ணா, அக்கா, நேற்று வந்துவிட்டது. செப்டம்பரிலிருந்து சேர்த்து மொத்தமாக. இடையில் ஒரு கடிதம் வந்தது. மகனின் பிறப்புச் சான்றிதழ் நகல் தெளிவாக இல்லை, மறுபடி அனுப்பச் சொன்னார்கள். நூலகத்தில் போய் வண்ணத்தில் நகலெடுத்து அனுப்பினேன்.

அவர் காலை ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து போனில் அந்தத் தொகையைப் பார்த்தார். "பாதிய எடுத்து வெச்சிடு, ஜூலை வரைக்கும் தொடாதே" என்றார். மீதியில் மகளுக்குக் கண்ணாடி. இரண்டு மாதமாகப் பலகை மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகனுக்கு டேகேரில் மார்ச்சிலிருந்து இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மகள் படிக்கும் பள்ளியிலேயே மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது. டேகேர் இடத்துக்காகத்தான் காத்திருக்கிறேன்.

இங்கே எங்கள் பக்கத்து பேஸ்மென்டுக்குப் போன வாரம் ஒரு குடும்பம் வந்திருக்கிறது, கைக்குழந்தையோடு. ஆர்.சி.66ஐ அச்செடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அவர்களோடு உட்காரப் போகிறேன். அவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அக்கா, அங்கே சம்பளச் சான்றுக்கு என்ன கேட்டு வாங்கச் சொல்ல வேண்டும்?


ஸ்காபரோ அக்கா | 21 ஜனவரி 2026

வேலை செய்த இடத்திலிருந்து மாதவாரியான சம்பளக் கடிதம், வங்கிப் புத்தகத்தின் நகல். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தமிழில் அல்லது சிங்களத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பும் வேணும், அதைக் கெதியாகச் செய்விக்கச் சொல்லுங்கோ. சனிக்கிழமை எத்தனை மணிக்கு? எனக்கும் வேலை இல்லை, நானும் வாறன்.